கொல்லா நோன்பும் ஒவ்வாமை உணவும்

உணவு ஒவ்வாமை கண்ட நாய்க்கோ பூனைக்கோ கால்நடை மருத்துவர் விதிக்கும் மாற்று உணவு பெரும்பாலும் இன்னொரு விலங்கின் ஊனால் ஆனது. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு முயல். மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத பூனைக்கு வாத்து. புலால் உண்ணாத குடும்பத்துக்கு இந்த மருந்துச் சீட்டு ஓர் அறக் கேள்வியையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கொல்லாமையை நோன்பாகக் கொண்டவர், தம் பொறுப்பிலுள்ள நோயுற்ற உயிருக்காக மற்றோர் உயிரின் ஊனை விலைக்கு வாங்கலாமா? வாங்க மறுத்தால் அது கொல்லாமையா, அல்லது தம் நோன்பின் சுமையை வாயில்லா உயிரின் மேல் ஏற்றுவதா? சமண, பௌத்த, வைதிக மரபுகளும் யூத, இஸ்லாமியச் சட்ட மரபுகளும் இக்கேள்வியின் வெவ்வேறு பகுதிகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. அவற்றை எடைபோடுவதற்கு முன் நோயைப் பற்றிய உண்மைகள் தெளிவாக வேண்டும். தேவை என்று சொல்லப்படுவது உண்மையிலேயே தேவைதானா என்பதைப் பொறுத்தே இங்கு அறமும் நிற்கிறது.

நோயும் சோதனையும்

உணவிலுள்ள ஒரு புரதத்தை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கொண்டு எதிர்வினை காட்டுவதே உணவு ஒவ்வாமை. பருவம் பாராமல் ஆண்டு முழுவதும் நீடிக்கும் அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காது அழற்சி, பாதங்களை ஓயாமல் நக்குதல் ஆகியவை நாய்களில் இதன் வழக்கமான அறிகுறிகள். பூனைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் அரிப்பும் புண்ணும் வருவதுண்டு. சில விலங்குகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

ரால்ஃப் முல்லர், தியெரி ஒலிவ்ரி, பாஸ்கல் பிரெலோ ஆகியோர் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 விழுக்காடு நாய்களுக்கும், பால்பொருள்கள் 17 விழுக்காட்டுக்கும், கோழி 15 விழுக்காட்டுக்கும், கோதுமை 13 விழுக்காட்டுக்கும் ஒவ்வாதிருந்தன. 78 பூனைகளில் மாட்டிறைச்சியும் மீனும் முன்னே நின்றன. எந்த உணவு அடிக்கடி கலத்தில் விழுகிறதோ அதுவே பெரும்பாலும் ஒவ்வாமைக்கும் காரணமாகிறது. ஆகவே எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக, ஒவ்வாமையே தராத உணவு என்று ஒன்று கிடையாது. சைவ உணவு என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதும் ஆகிவிடாது. தயிர்ச்சோறும் பாலும் சப்பாத்தியும் தின்று வளர்ந்த நாய்க்குப் பால் புரதமோ கோதுமையோ நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்.

இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் வணிகச் சோதனைகள் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத்தக்கவை அல்ல. நம்பத்தக்க வழி விலக்கு உணவுச் சோதனை ஒன்றே. விலங்கு இதுவரை உண்டிராத புரதத்தை, அல்லது சிதைத்துச் சிறிதாக்கிய புரதத்தை மட்டும் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எட்டு வாரம் கடைப்பிடித்தால், ஒவ்வாமையுள்ள விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை குணம் காட்டும். பிறகு பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு திரும்பி வந்தால்தான் நோய் உறுதி. இந்த இரண்டாம் பகுதியை வளர்ப்போர் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். விலங்கு தேறிவிட்டதே, மறுபடி ஏன் வருத்துவது என்ற இரக்கமே காரணம். ஆனால் அந்தச் சோதனை இல்லாமல் எது உண்மையில் விலக்கத்தக்கது என்று தெரியாது. தெரியாத நிலையில் தேவையற்ற ஓர் ஊனுணவு ஆயுள் முழுவதும் தொடரவும் கூடும்.

நாயும் பூனையும் ஒன்றல்ல

அறக் கேள்விக்கான விடை நாய்க்கு ஒரு விதமாகவும் பூனைக்கு வேறு விதமாகவும் அமைவதற்கு உடலியலே காரணம். நாய் மனிதரின் உழவுப் பண்பாட்டோடு சேர்ந்து மாறிய விலங்கு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை காணப்படுகிறது. சரிவரச் சமன்செய்யப்பட்ட தாவர உணவில் நாய் நலமாக வாழ முடியும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கம் 2024இல் நாய்களுக்கான சத்துக் குறைவற்ற தாவர உணவு மீதான தன் எதிர்ப்பைக் கைவிட்டது. பூனைக்கு அந்தச் சலுகையை அது தரவில்லை.

பூனை இயற்கையில் ஊனின்றி வாழ இயலாத உடலமைப்புக் கொண்டது. கேரட்டின் நிறப்பொருளைக் கொண்டு தனக்கான வைட்டமின் ஏ-யை அதனால் ஆக்கிக்கொள்ள முடியாது. அராக்கிடோனிக் அமிலத்தையும் உணவிலிருந்தே பெற வேண்டும். டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு உண்டாக்கவும் அதனால் இயலாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975இல் தெரிய வந்தது. அதே குறைவு இதயத் தசையை விரிந்து தளரச் செய்கிறது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் காட்டினார்கள். தொழிற்சாலையில் வேதிமுறையில் உருவாக்கிய டாரினைச் சேர்த்துத் தாவர உணவு தயாரிப்பது செய்யக்கூடியதே. ஆனால் அதில் சேர்மானம் சிறிது தவறினாலும் பார்வையோ இதயமோ விலையாகிவிடும். ஒவ்வாமையால் ஏற்கெனவே நலிந்த பூனையிடம் அந்தத் தவறுக்கு இடம் இன்னும் குறைவு.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

கொன்றவர் மட்டுமா குற்றவாளி என்ற கேள்வியில் இந்திய மரபுகள் வேறுபடுகின்றன. சமணம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது. மனம், மொழி, மெய் மூன்றாலும் இம்மூன்றும் நிகழலாம். மனு தர்ம சாஸ்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் கொலைக்கு உடன்படுபவர், வெட்டுபவர், வாங்குபவர், விற்பவர், சமைப்பவர், பரிமாறுபவர், உண்பவர் அனைவரையும் கொலையாளிகளின் வரிசையில் வைக்கிறது. பூனையின் கலத்தில் ஊனை இடும் கை இந்தக் கணக்கில் பரிமாறும் கை. தான் ஒரு துண்டும் உண்ணவில்லை என்பதால் அதற்கு விலக்குக் கிடைப்பதில்லை. அதே அத்தியாயத்தில், உண்ணும் உயிரையும் உண்ணப்படும் உயிரையும் படைத்தது படைப்புக் கடவுளே என்ற கருத்தும் இருக்கிறது. இரண்டு கருத்துகளும் ஒரே நூலில் அருகருகே இருப்பது மரபுக்குள்ளேயே இந்தச் சிக்கல் தீராமல் நின்றதைக் காட்டுகிறது.

பௌத்தம் வேறொரு வரம்பை வகுத்தது. மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சூத்திரத்தில், தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்டதும் கேட்டதும் ஐயுற்றதும் ஆகிய ஊனைப் பிக்கு ஏற்கக்கூடாது என்று புத்தர் விதிக்கிறார். இந்த மூன்று குறைகளும் இல்லாத ஊன் ஏற்கத்தக்கது. ஒவ்வாமை உணவுகளில் ஒருவகை இந்த வரம்புக்குள் எளிதில் அடங்கும். நீராற்பகுப்பு முறையில் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துவிட்டால் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. அப்படி உடைக்கப்படும் பொருள்களில் கோழி இறகும் ஒன்று. மனிதர் உணவுக்காகக் கொல்லப்பட்ட கோழியின் கழிவு அது. நோயுற்ற பூனைக்காக எந்தக் கோழியும் தனியே கொல்லப்படுவதில்லை.

இந்த வாதத்துக்குத் தமிழில் மறுமொழி உண்டு. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தின்பதற்காக வாங்குவோர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்வோரும் இரார் என்று வாங்குபவரிடமே பொறுப்பை வைக்கிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியமும் பௌத்தர் ஊன் உண்பதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. இறகுக்கும் விலை கிடைத்தால் கோழித் தொழிலின் வரவு அந்த அளவுக்குக் கூடுகிறது. கழிவு என்பதால் மட்டும் வாங்குபவரின் பங்கு இல்லாமல் போய்விடாது. ஆயினும் பங்கின் அளவு குறைகிறது. ஒரு முயலை இந்த உணவுக்கென்றே கொல்வதும், கொன்றாகிவிட்ட கோழியின் எஞ்சிய பகுதியைப் பயன்படுத்துவதும் எந்தத் தராசிலும் சமமாக நிற்பதில்லை.

நோன்பு யாருடையது

வளர்ப்பவரின் விரதம் வளர்ப்பு விலங்கையும் கட்டுப்படுத்துமா என்பது அடுத்த கேள்வி. சமணக் கதைகளில் விலங்குகளே நோன்பு ஏற்பதுண்டு. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தார் என்றும், முனிவர் இருவரின் அறவுரை கேட்டு ஊனைத் துறந்து உண்ணாமலே உயிர்விட்டார் என்றும் திகம்பர மரபு சொல்கிறது. சண்டகௌசிகன் என்ற நச்சுப் பாம்பு மகாவீரரின் சொல் கேட்டுச் சினம் விட்டு, அசையாதிருந்து உயிர் நீத்ததாகச் சுவேதாம்பர மரபு சொல்கிறது. புலால் மறுத்த விலங்குக்கு இவை சான்றாக அடிக்கடி காட்டப்படுகின்றன. ஆனால் இரண்டு கதைகளிலும் விலங்கு முன்பிறவி நினைவோ மெய்யுணர்வோ பெற்றுத் தானே முடிவெடுக்கிறது. அதன் விலை தன் உயிர் என்பதை அறிந்தே எடுக்கிறது. சிங்கம் தாவரம் தின்று வாழ்ந்தது என்று கதை சொல்லவில்லை. ஊனுண்ணி ஊனைத் துறந்தால் மரணமே வரும் என்பதைக் கதையும் ஒப்புக்கொள்கிறது. இப்படிப்பட்ட துறவை வீட்டுப் பூனையின் மேல் அடுத்தவர் சுமத்தினால் அதில் நோன்பின் பயன் ஏதும் இல்லை; பூனைக்குப் பட்டினி மட்டுமே மிஞ்சும்.

பிற மரபுகளும் இதே இடத்துக்கு வேறு வழியில் வருகின்றன. யூதர்களின் தோராவில், காட்டு விலங்கு கிழித்துப்போட்ட ஊனை மனிதர் உண்ணக்கூடாது, அதை நாய்க்குப் போடலாம் என்று யாத்திராகமம் விதிக்கிறது. மனிதருக்கான விலக்கு விலங்கைத் தொடுவதில்லை. பஸ்கா நாள்களில் மட்டும் நிலைமை மாறும்: புளித்த தானியப் பண்டம் வீட்டிலேயே இருக்கக்கூடாது, அதனால் எந்தப் பயனும் பெறக்கூடாது என்பதால் கோதுமை கலந்த நாயுணவும் விலக்கப்படுகிறது. அப்போதும் அஷ்கனாசி யூதர் தாம் உண்ணாத பருப்பு வகைகளையும் அரிசியையும் விலங்குக்குக் கொடுக்கலாம். கட்டுப்பாடு வீட்டுக்காரரின் உடைமை மீதானது. விலங்கின் வாய்க்கு அது விரதம் விதிப்பதில்லை. இஸ்லாமிய மரபில், பூனை ஒன்றை அடைத்துவைத்துத் தானும் உணவிடாமல், மண்ணில் திரியும் சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு ஆளானதாக நபிமொழித் தொகுப்புகள் சொல்கின்றன. விலங்கு தானே இரை தேடும் வழியை அடைத்தவருக்கு உணவிடும் கடமை முழுமையாக வந்து சேர்கிறது என்பதே இதன் சட்டப் பொருள். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் வளர்ப்பு விலங்குக்குப் போதிய உணவு தராமையைக் குற்றமாக்குகிறது.

அமெரிக்க மெய்யியலாளர் டாம் ரீகன் 1983இல் எழுதிய விலங்குரிமை நூல் இந்த வேறுபாட்டைக் கோட்பாடாக்கியது. அறம் எது என்று எண்ணிச் செயல்படத்தக்கவர் ஒரு வகை. அறத்தின் பாதுகாப்புக்கு உரியவராயினும் அறக் கடமைகளைச் சுமக்க இயலாதவர் மற்றொரு வகை. பூனை இரண்டாம் வகை. எலியைப் பிடிக்கும் பூனை குற்றம் செய்வதில்லை. ஆனால் இறைச்சி டப்பாவை வாங்குவது பூனை இல்லை. வாங்குபவர் முதல் வகையைச் சேர்ந்தவர். பூனையின் குற்றமின்மையை அவர் தமக்கும் சேர்த்துக் கொண்டாட முடியாது. சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் எழுதிய நூலில் வீட்டு விலங்குகளை மனிதச் சமூகத்தின் உறுப்பினராகவே கொண்டு, அவற்றுக்கு உணவிடப் பிற விலங்குகளைக் கொல்வதை நியாயப்படுத்த முடியாது என்று வாதிட்டார்கள். பூனை வளர்ப்பு இந்த நிலைப்பாட்டுக்கு எவ்வளவு கடினமான சோதனை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

சிபியின் தராசு

இரு கடமைகள் மோதும்போது என்ன செய்வது என்பதை ஆராயும் கதை, சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடிய சிபியின் கதை. மகாபாரதத்தின் வனபருவத்தில் ஓரிடத்தில் இது உசீநரன் பெயரில் வருகிறது. அடைக்கலம் புகுந்த புறாவை மன்னன் காக்கிறான். துரத்தி வந்த பருந்து வாதிடுகிறது: இந்தப் புறா என் உணவு, அதை மறுத்தால் நானும் என் குடும்பமும் சாவோம், ஓர் அறத்தைக் காக்க இன்னோர் அறத்தைக் கெடுப்பது அறமாகாது. வெறும் இரக்கம் என்ற நிலையிலிருந்து கதையை இந்த வாதம் மேலே தூக்குகிறது. பருந்துக்குப் பசிக்கும் உரிமை இல்லை என்று மன்னன் சொல்லவில்லை.

மன்னன் முதலில் தரும் விடை கவனிக்கத்தக்கது. காளை, பன்றி, மான், எருமை ஆகியவற்றின் ஊனைத் தருவதாக அவன் சொல்கிறான். தன்னிடம் வந்த உயிரைக் காக்க முன்பின் அறியாத வேறோர் உயிரைக் கொடுப்பது. இன்று கோழிக்குப் பதில் முயலைத் தேடும் வளர்ப்பாளரின் விடையும் இதுவே. கதை அந்த விடையில் நிற்பதில்லை. பருந்து மறுத்துவிட, மன்னன் தன் தசையையே அரிந்து தராசில் வைக்கிறான். காப்பதற்கான செலவைக் காப்பவனே ஏற்க வேண்டும் என்பதில் கதை முடிகிறது. நடைமுறை வாழ்வில் தசையைக் கேட்பார் இல்லை. விலை கூடிய உணவு, எட்டு வாரக் கண்டிப்பு, தனியே வைக்கும் பாத்திரங்கள், அருவருப்பைத் தாண்டி ஊனைக் கையாளும் சங்கடம், பங்கு தனக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் மன உளைச்சல் ஆகியவையே அந்தச் செலவு. அதை விலங்கின் தோலும் குடலும் இதயமும் ஏற்கும்படி செய்வது சிபியின் வழிக்கு நேர் எதிரானது.

டெல்லி சாந்தினி சவுக்கிலுள்ள திகம்பர சமணக் கோயிலைச் சேர்ந்த பறவை மருத்துவமனை ஓர் இடைவழியைக் கைக்கொண்டது. தானியம் தின்னும் பறவைகளை உள்ளே சேர்த்துப் பராமரிக்கும் அந்த மருத்துவமனை, ஊன் உண்ணும் பறவைகளைப் புறநோயாளிகளாக மட்டும் பார்த்து அனுப்பும். மருந்திடலாம், ஊன் பரிமாற வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தும். பறவை சிகிச்சை முடிந்து வேறோரிடம் போய் உண்ணும். நாள்தோறும் ஒரே வீட்டில் உண்ணும் பூனைக்கு இந்த வழி கிடையாது.

எண்ணிக்கையும் அறிவும்

ஒவ்வாமை உணவின் வளர்ச்சி புதிய கேள்விகளையும் எழுப்புகிறது. புதிய புரதம் என்ற முறை, தொடர்ந்து புதிய புதிய விலங்கினங்களை உணவாக்கும் போக்கைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்க நாய்களுக்கு ஆட்டிறைச்சி புதிதாக இருந்தது. அது கடை உணவுகளில் பரவியதும் அந்தப் புதுமை போயிற்று. பிறகு மான், முயல், கங்காரு என்று தேடல் நீண்டது. ஒவ்வாமை இல்லாத விலங்குகளின் உணவிலும் இவை நாகரிகமாகச் சேர்க்கப்பட்டால், உண்மையான நோயாளிக்கு மிஞ்சும் இனங்கள் குறைந்துகொண்டே போகும். கொல்லப்படும் இனங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

பூச்சிப் புரதம் மற்றொரு மாற்று. கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்களிலிருந்து நாயுணவு தயாரிக்கிறார்கள். ஒரு மாட்டுக்குப் பதில் எண்ணற்ற புழுக்கள் சாவது கூடுதலா குறைவா? ஒரே உயிரைக் கொன்று பல உயிர்களைக் காப்பதாகச் சொல்லும் வாதம் மிகப் பழையது. ஆண்டுக்கு ஒரே ஒரு யானையைக் கொன்று அதையே உண்டு வாழ்ந்ததன் மூலம் எண்ணற்ற சிற்றுயிர்களைக் காத்ததாகச் சொன்ன ஒரு துறவியர் கூட்டத்தைச் சமண ஆகமமான சூத்திரகிருதாங்கம் குறிப்பிடுகிறது. அவர்களுடன் வாதிட்ட ஆர்த்திரகர் என்ற சமணர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எண்ணிக்கையோடு அறிவின் படிநிலையையும் சமணம் கணக்கில் கொள்கிறது. ஈரறிவு, நான்கறிவு உயிருக்கு இழைக்கும் தீங்கைவிட ஐயறிவு உயிருக்கு இழைக்கும் தீங்கு கொடியது. அதே சமயம் சிறிய உயிர் என்பதால் அதன் கொலை இல்லாததாகிவிடுவதில்லை. ஆகவே பூச்சிப் புரதம் தீங்கைக் குறைக்கக்கூடும். களங்கமற்றது என்ற பெயரை அதற்குத் தர முடியாது.

ஆய்வகத்தில் உயிரணுக்களிலிருந்து வளர்க்கும் இறைச்சி 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் நாய்த் தின்பண்டமாக விற்பனைக்கு வந்தது. பறவையைக் கொல்லாமல் கோழி இறைச்சி என்பது அறவழியில் பெரிய மாற்றம். ஒவ்வாமை நோயாளிக்கு அதனால் ஆறுதல் இல்லை. வளர்த்த இறைச்சியும் கோழிப் புரதமே. கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. நோயெதிர்ப்பு மண்டலம் புரதத்தின் வடிவத்தை மட்டுமே அறியும். அது கொன்று வந்ததா கொல்லாமல் வந்ததா என்பதை அறியாது. அறத்தில் தூயது உடலுக்கு ஏற்றது என்றும், உடலுக்கு ஏற்றது அறத்தில் தூயது என்றும் கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு. இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தாக வேண்டும்.

விடையின் ஒழுங்கு

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் தேவை உறுதியாக வேண்டும். விலக்கு உணவுச் சோதனையும் அதன் இரண்டாம் பகுதியான மறுசோதனையும் முடியாமல் ஊனுணவைத் தேவை என்று அழைக்க இயலாது. மருத்துவத்தின் கண்டிப்பு இங்கே அறத்துக்கும் துணையாகிறது: எது தீங்கு செய்கிறதோ அதை மட்டும் விலக்கு, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கொடு, விளைவை விருப்பத்தால் அளக்காதே.

நாயைப் பொறுத்தவரை, கொல்லா நோன்பினருக்கு வழி திறந்தே இருக்கிறது. சோயா புரதத்தை நீராற்பகுத்துச் செய்த உணவு, சோயா ஒவ்வாத நாயைத் தவிர மற்றவற்றுக்குப் பொருந்தக்கூடியது. கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் சமன்செய்த தாவர உணவும் பொருந்தும். இப்படி ஒரு வழி இருக்கும்போது முயலையோ மானையோ வாங்குவதற்கு நோன்பினரிடம் காரணம் குறைவு. வீட்டில் சமைத்த சோற்றையும் பருப்பையும் மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுப்பது அந்த வழியில் சேராது. சத்துக் குறைபாடு அங்கே மெல்ல வரும் தீங்கு.

பூனையைப் பொறுத்தவரை, ஊனை அல்லது ஊனிலிருந்து பெற்ற புரதத்தை மறுப்பதற்குக் கொல்லாமை போதிய காரணமாகாது. அந்த ஊனில் தீங்கு குறைந்ததைத் தேர்வதே நோன்பினரின் கடமையாக எஞ்சுகிறது: உடல் ஏற்குமானால் கழிவிலிருந்து வந்த நீராற்பகுப்புப் புரதம் முதலாவது, இந்த உணவுக்கென்றே கொல்லப்பட்ட புதிய இனத்தின் இறைச்சி கடைசி. தேர்ந்த பின்னும் செய்வித்தலில் ஒரு பங்கு வாங்கியவரிடம் நிற்கிறது. அதைச் சமணம் வினை என்று கணக்கில் வைக்கும். இன்னொரு பார்வை அதைத் தவிர்க்க இயலாத கடமையின் விலை என்று சொல்லும். பங்கே இல்லை என்ற கூற்றை மட்டும் இரண்டும் ஏற்கா.

இந்தக் கேள்வி எழுவதற்கு முந்தைய ஒரு முடிவும் உண்டு. ஊனுண்ணி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவது. தெருவில் அடிபட்டுக் கிடந்து அடைக்கலமாக வந்த பூனைக்கும், கடையில் விலை கொடுத்து வாங்கிய பூனைக்கும் உணவிடும் கடமை ஒன்றே. ஆனால் முதலாவதில் கடமை தானே வந்து சேர்கிறது. இரண்டாவதில் வளர்ப்பவர் அதைத் தேடி உண்டாக்கிக்கொள்கிறார். கொல்லாமையை முழுமையாகக் கடைப்பிடிக்க விரும்புவோர் அந்த நோன்பைச் செலுத்தத்தக்க இடம் பூனை வந்த பின் அதன் கலமன்று, அதை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரம்.